காட்டு வாத்தின் மேல் பழிபோடும் முன்

2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் பட்டைத்தலை வாத்துகள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. போபாலில் உள்ள ஆய்வகம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று உறுதிசெய்தது. ஏறக்குறைய அதே நாட்களில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வளர்ப்பு வாத்துகள் மடிந்தன. நாடெங்கும் ஒரே பேச்சு: வலசை வந்த பறவைகள் வடக்கிலிருந்து தெற்குக்கு நோயைச் சுமந்து வந்துவிட்டன. ஆனால் கேரளத்தில் கண்டறியப்பட்டது எச்5என்8. வைரஸ் வகையே வேறு. இமாச்சலத்து ஏரியின் நோய் சிறகு முளைத்து கேரளத்தின் குட்டநாட்டில் இறங்கியது என்ற கதை அங்கேயே அறுந்துபோகிறது.

இந்தப் பேச்சு காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்நியமல்ல. உத்திரமேரூர் தாண்டினால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம், பக்கத்திலேயே கரிக்கிலி சரணாலயம். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது இரண்டும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டாலும், பறவைகள் இரை தேடுவது இந்த வட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும்தான். பறவைக் காய்ச்சல் செய்தி வரும் ஒவ்வொரு பருவத்திலும், கூடு கட்டியிருக்கும் நாரையையும் கூழைக்கடாவையும் ஊர் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறது. அந்தச் சந்தேகம் தவறான இடத்தில் போய் நிற்கிறது.

நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் அமிழ்த்தி, வாலை வானத்துக்குத் தூக்கி, சேற்றை அலகால் அரித்து உண்ணும். அதன் குடலில் வைரஸ் இருந்தால் எச்சத்தோடு நீரில் கலக்கும். பத்தடி தள்ளி ஒரு தட்டைவாயன் அதே நீரை அலகுக்குள் உறிஞ்சி வடிகட்டும். தொற்றுக்கு அவ்வளவு போதும். இருமலும் தும்மலும் வேண்டியதில்லை. வைரஸின் சாதுவான வகைகள் வாத்துக்குப் பெரும்பாலும் நோயே தருவதில்லை. நீர்ப்பறவைகளிடம் இப்படிக் குடியிருப்பவை, வைரஸ் பெயரில் வரும் எச் வரிசையில் 16 வகை, என் வரிசையில் 9 வகை. இளம் பறவைகளுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாததால், வலசைக்கு முன் அவை பெருங்கூட்டமாகத் திரளும் வேளையில் தொற்று ஏறுகிறது.

நீரின் சூடும் கணக்கில் வரும். ஆய்வகச் சோதனைகளில், உறைநிலையை ஒட்டிய ஏரி நீரில் வைரஸ் 30 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது; 22 டிகிரி செல்சியஸில் நாலு நாள்தான். நம் ஏரித் தண்ணீர் அதைவிடச் சூடானது. இது நமக்குக் கிடைத்த இயற்கைப் பாதுகாப்பு. ஆனால் மாசி, பங்குனியில் ஏரி வற்றி, மிச்சக் குட்டையில் எல்லாப் பறவைகளும் நெருக்கியடிக்கும்போது இந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். நீர்நிலைகளைத் தூர்த்துச் சுருக்கும் ஒவ்வொரு வேலையும் அந்த நெரிசலைக் கூட்டுகிறது. ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கோணத்தைத் தொடுவதே இல்லை.

சரி, கொல்லும் வகை எங்கிருந்து வந்தது? இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 வம்சத்தின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்துப் பண்ணை கூஸ் (goose) வாத்திடம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி, ஆறு பேரைக் கொன்றது. 2005இல்தான் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மாண்டன. சாதுவான வைரஸ் கோழிகளும் வாத்துகளும் அடைந்து கிடக்கும் பண்ணைக்குள் நுழைந்து, அங்கே கொடியதாக மாறி, மறுபடி காட்டுக்குத் திரும்புகிறது. திரும்பிய பிறகு காட்டுப் பறவைகளும் அதைத் தொலைதூரம் சுமக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதனால் அடிபடுபவையும் அவைதான். 2016 அக்டோபரில் டெல்லி உயிரியல் பூங்காவில் எச்5என்8 தாக்கி இறந்தவற்றுள் வர்ண நாரைகளும் உண்டு. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுவதும் அதே இனம்தான்.

ஆகவே கவனம் வைக்க வேண்டிய இடம், காட்டுப் பறவையும் வளர்ப்புப் பறவையும் கலக்கும் ஏரிக்கரை. சம்பா அறுவடை முடிந்ததும் மேய்ச்சல் வாத்துகள் வயலில் இறங்கும். சிந்திய நெல்லும் நத்தையும் அவற்றுக்குத் தீனி. பொழுது சாய்ந்ததும் கரையோரம் வலை கட்டிப் பட்டி போடுவார்கள். ஓரிடத்தில் தீனி தீர்ந்தால் லாரியில் ஏற்றி அடுத்த ஊர். வலசை வாத்துகள் தங்கியிருப்பதும் இதே மாதங்களில். தாய்லாந்தில் எச்5என்1 பரவியபோது, மேய்ச்சல் வாத்துகள் மிகுந்த நெல்வயல் பகுதிகளோடு நோய் ஒட்டி நின்றதை ஆய்வுகள் காட்டின. வாத்து மேய்ப்பவர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அன்றாடம் கூட்டத்தைக் கண்ணால் எண்ணிப் பார்ப்பவர்கள் அவர்கள். ஒரு வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடினால் முதலில் தெரியவருவதும் அவர்களுக்குத்தான். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும் என்ற அச்சமே வாயை மூடவைக்கிறது. இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வந்தால் தகவலும் தாமதமின்றி வரும்.

மரத்தை வெட்டுவதும் வெடி வெடித்துப் பறவையைக் கலைப்பதும் நோயைப் பத்து ஏரிக்குப் பரப்பும் வழி. வேடந்தாங்கல் ஊர்மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. நோய்த்தடுப்பு நோக்கில் பார்த்தாலும் அவர்கள் செய்வதே சரி. கால்நடைத் துறையும் வனத்துறையும் தை முதல் பங்குனி வரை காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஏரிகளில் எச்ச மாதிரிகளைச் சேர்ந்தே எடுக்க வேண்டும். மேய்ச்சல் வாத்துகளை அந்த மாதங்களில் சரணாலய ஏரிகளிலிருந்து விலக்கி, மாற்று மேய்ச்சல் நிலம் காட்ட வேண்டும். ஏரிக்கரையில் ஒன்றுக்கு மேல் பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள், நாயை நெருங்க விடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள்.