ஏற முடியாத பேருந்தில் இலவசப் பயணம்

நுழையும்முன்

மாற்றுத்திறனாளிகளின் பயணத்திற்காக அரசு செலவிடும் பணம் யாரைச் சென்றடைகிறது, யாரைத் தவறவிடுகிறது என்பதைப் பேசுகிறது இக்கட்டுரை. கட்டுரையாசிரியரின் கருத்தோடு நீங்கள் உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம்.

காலை எட்டு மணி. சென்னையின் ஒரு நிறுத்தத்தில் நகரப் பேருந்து வந்து நிற்கிறது. இருபது பேர் முண்டியடித்து ஏறுகின்றனர். தசைச்சிதைவு நோயால் நடக்க இயலாத மாணவன் ஒருவன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பேருந்தில் அவனுக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு வந்திருக்கும் தந்தைக்கும் கட்டணம் இல்லை. பேருந்து புறப்பட்டுச் செல்கிறது. தந்தை கைநீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்துகிறார்.

இம்மாணவன் என் கற்பனையில் பிறந்தவன். ஆனால் அந்தப் பேருந்தும் அதன் படிக்கட்டும் கற்பனையல்ல.

மாற்றுத்திறனாளிகளின் பயணத்திற்குத் தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்கு 2021-இல் வழங்கப்பட்ட கட்டணமில்லாப் பயணம் அவ்வாண்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் செல்லும் துணையாளர் ஒருவருக்கும் விரிவாக்கப்பட்டது. வெளியூர் செல்லும் அரசுப் பேருந்துகளிலும் கட்டணச்சலுகை உண்டு. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கும் பார்வையற்றோருக்கும் தொடர்வண்டியின் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் கட்டணத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து குறைக்கப்படுகிறது. இவற்றால் பயன்பெறுவோர் பலர். பார்வையற்ற ஒருவர் வேலைக்குச் சென்றுவர ஒவ்வொரு நாளும் மிச்சமாகும் தொகை சிறிதாயினும், மாத முடிவில் அவர் வீட்டுக் கணக்கில் அது நன்றாகவே தெரியும்.

ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். இச்சலுகைகள் யாவும் பயணச்சீட்டின் விலையைக் குறைப்பவை. வண்டிக்குள் ஏற முடிந்தவருக்கே பயணச்சீட்டு. எனவே, குறைபாடு மிகுதியாக உடையவரை உதவி குறைவாகவே அடைகிறது. சற்று நொண்டி நடப்பவர் முழுச்சலுகையையும் பெறுகிறார். சக்கர நாற்காலியை விட்டு எழவே முடியாதவர் ஒரு ரூபாயும் பெறுவதில்லை. உதவி வழங்கும் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் ஓர் உயரம். வழக்கமான பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில், அதாவது மூன்றடிக்குச் சற்றே குறைவான உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சற்றே தாழ்ந்து கொடுக்கும் வசதியும், விரித்துப் போடும் சாய்தளமும் அதில் உண்டு. நடைமேடையை ஒட்டி அவ்வண்டி நின்றால் சக்கர நாற்காலி எவர் கையும் படாமல் உள்ளே உருண்டு செல்லும். இத்தகைய பேருந்துகள் 2024-இல் சென்னைச் சாலைகளுக்கு மீண்டும் வந்தன. இது மகிழ்ச்சிக்குரிய தொடக்கம். எனினும் நம் மாணவன் காத்திருக்கும் தடத்திற்கு அவை வரும்வரை அவன் என்ன செய்வான்?

ஒரு கணக்கு

அவன் செல்லும் கல்விநிலையம் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சென்னையில் ஆட்டோக்களுக்கு அரசு 2013-இல் வரையறுத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அதன்படி ஒருமுறை செல்வதற்கு ஏறத்தாழ 100 ரூபாய் ஆகும். போகவர 200. மாதத்தில் இருபது நாள் சென்றால் 4,000 ரூபாய். (இந்த விலைக்கு ஆட்டோ கிடைக்குமா என்று சென்னைவாசிகள் சிரிக்கக்கூடும். குறைந்த அளவாகவே வைத்துக்கொள்வோம்.)

தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல செயல்தான். ஆனால் அத்தொகை முழுவதையும் ஆட்டோவிற்கே கொடுத்தாலும் பத்து நாள்கள்தாம் அவன் படிக்கச் செல்ல முடியும். உணவுக்கும் மருந்துக்கும் எனத் தரப்பட்ட பணம் சாலையிலேயே தீர்ந்துவிடும். உடன் படிக்கும் மாணவர்கள் அதே தொலைவை அரசுப் பேருந்தில் கட்டணமின்றிக் கடக்கிறார்கள்.

இக்கணக்கில் வெளியே தெரியாத வரி ஒன்றும் இருக்கிறது. நகரப் பேருந்துகள் பயணிகள் தரும் கட்டணத்தால் மட்டும் ஓடுவதில்லை. வருவாய்க்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை அரசின் கருவூலமே நிரப்புகிறது. ஆகவே பயணச்சீட்டு வாங்கிப் பயணம் செய்யும் ஒவ்வொருவரும் ஒருவகையில் மானியத்தில்தான் பயணம் செய்கிறோம். அக்கருவூலத்தில் அம்மாணவனின் குடும்பம் செலுத்தும் வரியும் இருக்கிறது. அவர்கள் வாங்கும் சோப்பிலும் துணியிலும் ஆட்டோவில் எரியும் எரிபொருளிலும் வரி உண்டு. தன்னால் ஏற முடியாத பேருந்துக்கு அவனும் பணம் கொடுக்கிறான். இதை அறிந்தபின் ‘சலுகை’ என்னும் சொல் எனக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது.

சட்டம் இதனை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, எல்லா வகைப் போக்குவரத்தும் அணுகத்தக்கதாக அமையவேண்டும் என்று கூறுகிறது. அதோடு நில்லாமல், கட்டுப்படியாகும் செலவில் தனிநபர் இடம்பெயர்வதற்கு உதவும் திட்டங்களையும் கேட்கிறது. அணுகல்தன்மை பற்றிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1978 சூலையில் மாற்றுத்திறனாளிகள் பத்தொன்பது பேர் தாங்கள் ஏற முடியாத பேருந்துகளைச் சக்கர நாற்காலிகளால் சூழ்ந்து, இரவு முழுவதும் நகரவிடாமல் நிறுத்தினர். 1990-இல் இயற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம் பேருந்தை அணுகத்தக்கதாக்கச் சொன்னதோடு, வழக்கமான பேருந்தைப் பயன்படுத்தவே இயலாதவர்க்குத் தனி ஊர்தி அனுப்பவும் சொன்னது. அதன் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைப்போல் இருமடங்கிற்கு மிகக்கூடாது. நியூசிலாந்தில் ‘டோட்டல் மொபிலிட்டி’ என்னும் திட்டம் இருக்கிறது. பேருந்தில் செல்ல இயலாதவர் வாடகை மகிழுந்தில் ஏறி அட்டையைக் காட்டினால் போதும். கட்டணத்தின் பாதியை நெடுங்காலம் அரசே ஏற்றது; 2022-இல் அது முக்கால் பங்காக உயர்த்தப்பட்டது.

நாமும் அவ்வாறு செய்யலாம் என்பதே என் கருத்து. தம் தடத்தில் ஏறத்தக்க பேருந்து இல்லாத கடும் மாற்றுத்திறனாளிக்கு, அது வரும் நாள்வரை, ஆட்டோ கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கவேண்டும். இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர் விலையின்றி வழங்கப்படுகிறதே என்று கேட்கலாம். கைகளில் வலு உள்ளவர்க்கு அது சிறகு போன்றது. தசை தளர்ந்தவர்க்கும் பார்வையற்றவர்க்கும் அதனால் என்ன பயன்?

செலவு மிகும் என்பர். மிகும்தான். தாழ்தளப் பேருந்தின் விலை கூடுதல். மேடு பள்ளமான சாலைகளிலும் உயர்ந்த வேகத்தடைகளிலும் அதன் அடிப்பகுதி உரசும் என்பதும் உண்மையே. ஆனால் சாலை சரியில்லை என்றால் செப்பனிட வேண்டியது சாலையை அல்லவா? மேலும், தாழ்ந்த படியால் பயனடைவோர் சக்கர நாற்காலியில் இருப்போர் மட்டுமல்லர். மூட்டுவலியுள்ள பாட்டியும், கருவுற்ற பெண்ணும், கைக்குழந்தையை ஏந்தியவரும், காய்கறிக் கூடை சுமப்பவரும் அதே படியில்தான் ஏறுகின்றனர். ஆட்டோ மானியத்தை ஆண்டுதோறும் கணக்கிடும் அரசு, எந்தத் தடத்தில் தாழ்தளப் பேருந்து விட்டால் அச்செலவு குறையும் என்பதையும் அக்கணக்கிலேயே கண்டுகொள்ளும்.

பணமும் பேருந்தும் வந்துவிட்டாலும் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. ஓட்டுநர் வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்தவேண்டும். நடத்துநர் இறங்கிச் சாய்தளத்தை விரிக்கவேண்டும். நாற்காலி உள்ளே வந்து அதன் சக்கரங்கள் பூட்டப்பட வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்நேரத்தில் வண்டிக்குள் இருப்போரில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பர். அவர்களுள் நீங்களும் நானும்கூட இருக்கலாம்.