எதற்காகக் கேட்டார்கள்?

பிரெஞ்சில் படித்த நம்மவர்களுக்குக் 'கயே தே ஷார்ஜ்' தெரிந்திருக்கும். கயே என்றால் நோட்டு, ஷார்ஜ் என்றால் சுமை. ஒரு வேலையை எடுப்பவர் என்னென்ன செய்து தரவேண்டும் என்று எழுதி வைக்கும் நோட்டு. இப்போது அதைக் கவனித்துக்கொள்ள மென்பொருள் வந்துவிட்டது. எதை வாங்குவது என்று தங்கை மகனின் கம்பெனியில் பெரிய விவாதமாம்: டோர்ஸா, ஜிராவா, இருக்கிற எக்செல்லே போதுமா?

ஐம்பது அறுபது வரிகள், எழுதுபவர் ஒருவர் என்றால் எக்செல் போதும். பலர் கை வைத்தால் ஆளுக்கொரு பிரதி ஆகிவிடும், எது கடைசி என்று தெரியாது.

என் கட்சி இதுதான். திரை அழகெல்லாம் பிறகு. ஒவ்வொரு வரிக்கும் யார் கேட்டது, எதற்காக, யார் மாற்றியது, யார் சம்மதித்தது என்பது ஒட்டிக்கொண்டே வரவேண்டும். நம் கோப்புகளில் கடிதங்கள் ஒரு பக்கம், குறிப்புகள் ஒரு பக்கம் இருக்கும். பத்து வருடம் கழித்துப் பிரித்தாலும் உத்தரவின் காரணத்தைக் குறிப்புப் பக்கம் சொல்லிவிடும். (சில அதிகாரிகளின் கையெழுத்து மட்டும் விதிவிலக்கு!)

காரணம் அவ்வளவு முக்கியமா என்பவர்களுக்கு: 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ஆரியான் 5 ராக்கெட் சுமார் 40 வினாடியில் சிதறியது. திசை காட்டும் கருவியின் மென்பொருள் ஆரியான் 4-இலிருந்து வந்தது. அதில் ஒரு கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகும் சிறிது நேரம் ஓடும். கடைசி நொடிகளில் ஏவுதல் தடைபட்டால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காக அப்போது வைத்தது. ஆரியான் 5-க்கு அது தேவையே இல்லை. நன்றாக ஓடுவதைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் எண் கொள்ளாமல் கருவி நின்றுபோனது. அந்தக் கருவிக்கான தேவைப் பட்டியலில் ஆரியான் 5-இன் பாதை விவரமே சேர்க்கப்படவில்லை என்றது, கணித மேதை ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு.

மென்பொருள் இருந்திருந்தால் ராக்கெட் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தால், 'இது இன்னும் வேண்டுமா?' என்று யாராவது கேட்க ஓர் இடம் இருக்கும்.

இன்னொன்று, வெளியேறும் வழி. டோர்ஸே கைமாறி 2008-இல் ஐபிஎம்மிடம் வந்ததுதான். இன்று விற்பவர் நாளை இருப்பாரா? ஜெர்மன் கார் கம்பெனிகள் தொடங்கிவைத்த ரெக்ஐஎஃப் என்ற பொது வடிவம் இதற்காகவே இருக்கிறது.

விற்க வருபவரிடம் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, இது யார், ஏன் கேட்டது என்று கேளுங்கள். பிறகு மொத்தத்தையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உடனே காட்டத் தெரியாவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.