உப்பில்லாக் கீரையும் ஊர்சுற்றிகளும்

நெடும்பயணம் போய் வந்தவர்களிடம் கதை கேட்பது பேரின்பம் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. நமக்கு அதில் ஐயம் இருக்கிறது. அயல்நாடுகளில் மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத் திரும்பிய நண்பர் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கேட்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நண்பர் கண்டவை சிறியவையல்ல. ஆனால் அவர் சொல்வதில் கேட்பவருக்கு இடம் இல்லை. நான் போனேன், நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை என்பதே அடியோசை. நீயும் போ, இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் சோறு கிடைக்கும் என்ற சொல் அதில் வருவதேயில்லை.

பயணத்தைச் சகபயணியோடு பகிர்வதற்கென்றே ஒரு தனி இலக்கிய வகையை உண்டாக்கிய மொழி நம்முடையது. ஆற்றுப்படையை அரசனைப் புகழ்ந்து பரிசில் பெறும் பாட்டு என்று பாடப்புத்தகங்கள் சுருக்கிவிட்டன. புகழ்ச்சி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வடிவத்தின் உயிர் வேறிடத்தில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. பயணம் முடித்துத் திரும்புகிற ஒருவன், அதே தொழிலைச் செய்யும், அதே வறுமையில் கிடக்கும் இன்னொருவனை நடுவழியில் சந்திக்கிறான். தான் கண்டதைச் சொல்கிறான். அவனும் சென்று பெற வேண்டும் என்பதற்காகவே சொல்கிறான்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயருடன் மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாக இருக்கிறது. பாணன் போகவேண்டிய ஊர் ஓய்மான் நல்லியக்கோடனுடைய கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனம். வழியில் முதலில் வருவது மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட எயிற்பட்டினம். கிரேக்க மாலுமியின் செங்கடல் கையேடான 'பெரிப்ளூஸ்' குறிப்பிடும் சோபட்மா இதுவே என்றும், இன்றைய மரக்காணத்தை ஒட்டிய கரையே அது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கே போனால் பரதவர் பழந்தேறலும் சுட்ட குழல்மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். ஊர் ஊராக, அடுப்பு அடுப்பாக வழி சொல்லப்படுகிறது.

அந்தக் கரையில் அலை ஒதுக்கிய நறுமணக் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தன என்கிறார் புலவர். உப்பங்கழிக் கரையில் ஒட்டகத்துக்கு என்ன வேலை? ஒட்டகத்தின் நாட்டுக்குப் போய் வந்தவன், அல்லது அங்கிருந்து வந்தவன், யாரோ ஒருவன் சொல்லக் கேட்டுத்தான் அந்த உவமை இந்த மணலில் வந்து படுத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

இதைவிட முக்கியமானது இன்னோர் இடம். வழி சொல்லும் பாணன், தான் புறப்பட்ட நாளில் தன் வீடு எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். இடிந்த அடுக்களை, குட்டி ஈன்ற நாய், குப்பையில் முளைத்த கீரை. அக்கீரையை உப்புகூட இல்லாமல் வேகவைத்து, ஊரார் பார்த்தால் வெட்கம் என்று வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ட மனைவி. உப்பு விளையும் கரை வழியாகப் போகும் பாட்டில் உப்பில்லாத ஒரு வீடு. அவமானத்தையும் சேர்த்துச் சொல்பவனின் பேச்சைத்தான் எதிரில் நிற்பவன் நம்புவான். பயணப் பெருமைகளை அடுக்குபவனை யாரும் பின்தொடர்வதில்லை.

அந்தப் பழைய வழித்தடத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது இரும்பை. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம். யாழ்ப்பாணரைத் துணையாகக் கொண்டு ஊர் ஊராக நடந்த சம்பந்தரும் ஒரு நெடும்பயணிதான். ஆனால் இன்று வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைக் கேள்விப்படுவது பெரும்பாலும் கடுவெளிச் சித்தர் கதை வழியாகத்தான். நடனமாடியவளின் கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துக் கட்டிவிட, சபை சிரிக்க, அவர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்தது. நிலம் பாலையானது. தொலைதூர நாட்டவர் வந்து இதைப் பசுமையாக்குவார்கள் என்று பின்னர் அவரே இரங்கிச் சொன்னாராம். கதையின் இந்தப் பின்பகுதியை விரும்பிச் சொல்பவர்கள் பக்கத்து ஆரோவில்வாசிகள். வந்தேறிய ஊரின் பழங்கதையில் தமக்கும் ஓர் இருக்கை தேடிக்கொள்வது பயணிகளின் இயல்பு. அதில் குற்றமில்லை.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. மறு ஆண்டு பாரிஸிலிருந்து ஒரு வண்டித்தொடர் தரைவழியாகவே ஆசியாவைக் கடந்து வந்து சேர்ந்தது. குயிலாப்பாளையத்தை ஒட்டி ஆஸ்பிரேஷன் என்ற குடியிருப்பு அவர்களை வைத்து எழுந்தது. அன்று ஐரோப்பிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1979இல் ஈரானியப் புரட்சியும், அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததும் அந்தச் சாலையை மூடிவிட்டன. அவ்வழியே வந்து இங்கே தங்கிவிட்டவர்கள் அரிப்புண்ட செம்மண் மேட்டில் குழி தோண்டினார்கள், வரப்புக் கட்டினார்கள், மரம் நட்டார்கள்.

சரி, அவர்களோடு தோண்டியவர்கள் யார்? இரும்பையும் இடையஞ்சாவடியும் ஆலங்குப்பமும் கோட்டக்கரையும் குயிலாப்பாளையமும்தானே? கீற்று முடையவும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்று அறியவும், கஞ்சி காய்ச்சவும் வந்தவர்கள் இவர்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. நாம் வாசித்தவற்றில் கிராமத்தார் பெரும்பாலும் 'கிராமத்தார்' என்ற ஒரே பெயரில்தான் வருகிறார்கள். கூட வந்த பயணிக்குப் பெயரும் குணமும் உண்டு. சோறு போட்டவளுக்குப் பெயரில்லை. தமிழில் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தரைவழிப் பயணத்தைப் பற்றி, வந்தவர் வாயால் கேட்டு எழுதிய ஒரு நல்ல நூல்கூட நம் கண்ணில் பட்டதில்லை. நம் எழுத்தாளர்கள் பாரிஸுக்குப் போய் ஈஃபல் கோபுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பாரிஸிலிருந்து புறப்பட்டு வந்து பக்கத்து ஊரில் அரை நூற்றாண்டாக வாழ்பவரிடம், வரும் வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஏ.கே. செட்டியாரைச் சொல்லாமல் தீராது. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகின் பல மூலைகளுக்கும் அலைந்து 1940இல் அதை வெளியிட்டவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலை எழுதியவர். அவ்வளவு சுற்றிய மனிதரின் எழுத்தில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்னச் சின்ன வாக்கியங்கள். நகைச்சுவை வரும்போது அது பெரும்பாலும் தன்மீதே திரும்பும். நம் மதிப்பீட்டில் அவருடைய பெரிய செயல் இன்னொன்று. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கியவர், பழைய ஏடுகளில் சிதறிக் கிடந்த மற்றவர்களின் பயணக் கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சேற்றினார். தன் பயணத்தைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அடுத்தவர் பயணத்தைப் பாதுகாக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. அவர் 1983இல் மறைந்தார். அந்தப் பொறுமைக்கு வாரிசு இருப்பதாகத் தெரியவில்லை.

இதை இன்று எழுத ஒரு காரணம் உண்டு. 1969இல் இருபத்தைந்து வயதில் வந்து இறங்கியவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அவர்களை முதன்முதலாகப் பார்த்த இரும்பைச் சிறுமி கொள்ளுப்பேரன் எடுத்திருப்பாள். இரு தரப்பிலும் ஆண்டுதோறும் ஆட்கள் குறைகிறார்கள். இரு தரப்பையும் உட்காரவைத்து, இருவர் சொல்வதையும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். பெரிய தத்துவக் கேள்விகள் வேண்டாம். அவற்றுக்கு இருவருமே தயாரான விடைகள் வைத்திருப்பார்கள். எங்கே வண்டி நின்றது, எந்த ஊரில் காசு தீர்ந்தது, எதற்கு வெட்கப்பட்டீர்கள், முதல் நாள் குடிக்கத் தண்ணீர் தந்தது யார், அவர் பெயர் என்ன, வெள்ளைக்காரன் கிணற்றடிக்கு வந்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள். இப்படிக் கேட்டால் போதும்.

கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. பிரெஞ்சையும் தமிழையும் ஒருசேர அறிந்த வாசகர்கள் புதுவையில் இன்னும் இருக்கிறார்கள். ஆரோவில்லிலேயே சுற்றுக் கிராமங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் கணிசமாக உண்டு. இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்தவர்கள் அவர்கள்தான். புதுவையிலிருந்து குயிலாப்பாளையத்துக்குப் பேருந்தில் அரைமணி நேரம். அங்கிருந்து இரும்பைக்கு மிதிவண்டியிலேயே போய்விடலாம்.