இரத்த வகை ஒன்றானால் போதுமா?

"மனிசிக்கு என்ர கிட்னியைக் குடுக்கிறன் டொக்டர். ரெண்டு பேருக்கும் ஓ பொசிற்றிவ் தானே" என்றார் எம்மவர் ஒருவர். சோதனை முடிவோ, பொருந்தாது என்று வந்தது. "மனமில்லாமல் ஏதோ சாட்டுச் சொல்லித் தப்பிவிட்டார்" என்று உறவினர்கள் கதைத்தார்கள். அந்தக் கதை பிழையானது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

இரத்த வகை முதற்படி மட்டுமே. எமது கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ எனப்படும் இழைய அடையாளங்கள் உள்ளன. பாதி தாய் வழி, பாதி தந்தை வழி. பிறருடைய அடையாளம் உடலுக்குள் வந்தால், அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகள் உருவாகலாம். இரத்தம் ஏற்றுதல், முன்னர் செய்த உறுப்புமாற்று, கர்ப்பம் ஆகிய மூன்றும் இதற்கு வழி. வயிற்றில் வளரும் பிள்ளையிடம் தந்தையின் அடையாளங்களில் பாதி உண்டு. ஆகவே பிள்ளை பெற்ற தாயின் உடல், கணவரின் சிறுநீரகத்தை எதிர்க்க முன்கூட்டியே தயாராகி இருக்கக்கூடும். இதில் கணவரிலும் குற்றமில்லை, மனைவியிலும் குற்றமில்லை.

இது சிறிய விடயமல்ல. 1969 இல் பட்டேல், தெரசாகி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எதிரிகள் இருந்தும் மாற்றப்பட்ட 30 சிறுநீரகங்களில் 24 உடனடியாகவே செயலிழந்தன. எதிரிகள் காணப்படாத 195 இல் 8 மட்டுமே அவ்வாறு செயலிழந்தன. அதனாற்தான் சத்திரசிகிச்சைக்கு முன் இரு இரத்தங்களையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளில், முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. எனவே கணவரோடு நிற்காமல், உடன்பிறந்தவர்களும் முன்வரவேண்டும். டென்மார்க், சுவீடன், நோர்வே முதலிய நாடுகள் சேர்ந்து 1969 இல் தொடங்கிய ஸ்கண்டியாட்ரான்ஸ்பிளான்ட் அமைப்பு ஓகூஸ் நகரிலிருந்து இயங்குகிறது. எதிரிகள் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, பொருந்தும் சிறுநீரகம் எந்த உறுப்பு நாட்டில் கிடைத்தாலும் முன்னுரிமை தரும் திட்டம் 2009 முதல் அங்குண்டு. உங்கள் சிறுநீரக வைத்தியரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று. "வயதானவரின் கிட்னியாம், வேண்டாம்" என்று அவசரப்பட்டு மறுக்காதீர்கள். கொடையாளியின் வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, கிரியற்றினின் அளவு, உறுப்பு பனிக்குளிரில் இருந்த நேரம் எல்லாவற்றையும் வைத்தியர்கள் எடைபோட்ட பின்னரே அதை உங்களுக்குத் தருகிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய நோயாளிக்கு, நன்றாக வேலைசெய்யும் வயதான சிறுநீரகம், வருடக்கணக்கில் டயலிசிஸில் காத்திருப்பதைவிடப் பெரும்பாலும் நல்லது. எதிரிகள் உள்ளவருக்கோ அடுத்த அழைப்பு எப்போது வருமென்று சொல்லமுடியாது.

கடைசியாக, எம்மைப்பற்றி. இழைய அடையாளங்கள் இனத்துக்கினம் வேறுபடும். எமக்குப் பொருந்துவது எம்மவரிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் எமது வீடுகளில் குறைவில்லை. சிறுநீரகம் வேண்டி நிற்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் உறுப்புக்கொடை என்றதும் "அபசகுனமாகக் கதைக்காதை" என்று வாயை மூடிவிடுகிறோம். வாங்க ஆயத்தமான நாம், கொடுப்பதைப்பற்றிக் கதைக்கவும் கூச்சப்படுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இந்த வார இறுதியில் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை கதையுங்கள். உங்கள் விருப்பம் எதுவானாலும் சுண்ட்ஹெட் இணையத்தளத்தில் உள்ள உறுப்புக்கொடைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். துயரமான ஒரு இரவில், உங்கள் பிள்ளைகள் உங்களுக்காக முடிவெடுக்கத் தடுமாற வேண்டியிருக்காது.