கோபம் எனக்கில்லை, டிராயருக்கு!

"மருமக ஏன் இப்படி டமார் டமார்னு சாத்துறா? நான் வந்து படுத்திருக்கிறது அவளுக்குப் பிடிக்கலை போலிருக்கு."

என் மாமியார் நாத்தனாரிடம் போனில் சொன்ன வார்த்தை இது. காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்த என் காதில் விழுந்துவிட்டது. அப்படியே திரும்பி வந்து, சமையலறையில் நின்று அழுதேன்.

அத்தைக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, ஹாலில்தான் கட்டில் போட்டிருந்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். காலை 5 மணிக்கு நான் எழுந்தாக வேண்டும். கரண்டிக்கு ஒரு டிராயர், தட்டுக்கு ஒரு டிராயர், மளிகை டப்பாவுக்கு ஒன்று. லேசாகத் தள்ளினாலே சர்ரென்று ஓடிப்போய் டமாரென்று மோதும். உள்ளே இருக்கும் எவர்சில்வர் சாமான் அத்தனையும் குலுங்கும். இரவெல்லாம் வலியில் புரண்டுவிட்டு விடியற்காலையில்தான் அத்தை கண்ணயர்வார். அந்த நேரம் பார்த்து என் டிராயர் கச்சேரி!

இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது டிராயரை இடுப்பால் தள்ளிச் சாத்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதில் என்ன கோபம் இருக்கிறது? ஆண்கள் கதவைப் படாரென்று சாத்தினால் 'காத்துல அடிச்சிருக்கும்' என்பார்கள். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தால் மட்டும் 'அவளுக்கு என்னவாம்?' என்று கேட்பார்கள். சமையலறைச் சத்தத்தை எல்லாம் பெண்களின் குணத்தோடு முடிச்சுப் போடுவது என்ன நியாயம்?

விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். அவர் எட்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு மாடுலர் கிச்சன் செய்து கொடுத்த கடைக்கே போன் போட்டார். வந்த பையன் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "பழைய மாடல் மேடம், மொத்தமா மாத்திடலாம்" என்று ரூ.1,80,000 கணக்கு எழுதினான். ஆபரேஷன் செலவே இன்னும் முடியவில்லை. இதில் இது வேறா?

நல்ல வேளையாக, பாத்ரூம் கதவை இழைக்க வந்த ஆசாரி டிராயரைக் கழற்றிப் பார்த்தார். "மரம் நல்லாத்தான் இருக்குக்கா. சேனல்தான் சாதா சேனல். டேம்பர் வெச்சாப் போதும்" என்றார்.

டேம்பர் என்பது வேறொன்றுமில்லை. பாங்க், ஆபீஸ் கதவுகளின் மேலே ஒன்று மாட்டி, கதவு மெதுவாகச் சாத்துமே, அதன் குட்டித் தம்பி. விரல் தடிமனில் ஒரு குழாய், அதற்குள் எண்ணெயும் ஒரு தண்டும். டிராயர் வேகமாக வந்தாலும் அந்தத் தண்டு மெதுவாகத்தான் உள்ளே போகும். அதனால் வேகம் அடங்கிவிடுகிறது. வெறும் தண்டு மட்டும் உள்ளது அடியைத் தாங்கும், ஆனால் லேசான டிராயரைச் சில நேரம் முழுக்க மூட விடாது. ஸ்பிரிங்கும் கொக்கியும் சேர்ந்தது, கடைசி இரண்டு மூன்று அங்குலத்தைத் தானே இழுத்து மூடிக்கொள்ளும். டிராயருக்கு அதுதான் நல்லது.

எங்கள் வீட்டில் இரண்டு டிராயருக்கு டேம்பர் வைத்தார். மளிகை டிராயரில் சேனலே துருப்பிடித்துத் தொங்கியது. அதற்கு மட்டும் அதே நீளத்தில் சாஃப்ட் குளோஸ் சேனல் வாங்கி மாட்டினார். கூலியோடு சேர்த்து ரூ.3,000-க்குள் வேலை முடிந்தது. அரை நாள்கூட ஆகவில்லை.

மாட்ட நினைக்கும் தோழியருக்குச் சில வார்த்தைகள். முதலில் டிராயரைக் கழற்றி, சேனலில் சேர்ந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் அரிசி, பருப்பையும் துடையுங்கள். ஆடும் ஸ்க்ரூவை முடுக்குங்கள். டிராயர் தடையில்லாமல் ஓடினால்தான் டேம்பர் வேலை செய்யும். சேனலின் நீளம், டிராயரின் பக்கவாட்டு இடைவெளி இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். குக்கர், இரும்புச் சட்டி என்று கனமாக அடுக்குபவர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு, பழைய பழக்கத்தில் அழுத்தித் தள்ளாதீர்கள். தொட்டுவிட்டால் போதும், அதுவே போய்க்கொள்ளும். காசு இல்லையென்றால், டிராயர் மோதும் இடத்தில் ஒட்டுகிற ரப்பர் பொட்டு வாங்கி ஒட்டுங்கள். சத்தம் ஓரளவாவது குறையும்.

டேம்பர் மாட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தை குரல் கொடுத்தார்: "ஏம்மா, உடம்பு சரியில்லையா? இன்னிக்குச் சமையல் இல்லையா? சத்தத்தையே காணோமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்கரைப் பிடித்து மெதுவாக அழைத்து வந்து, டிராயரைத் திறந்து தள்ளிக் காட்டினேன். அது பூனை மாதிரி போய் மூடிக்கொண்டது. அத்தையும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, "நான்தான் தப்பா நெனச்சுட்டேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிச்சன் போடும்போது கதவின் கலரையும், பளபளப்பையும் வீடே கூடி உட்கார்ந்து பேசுகிறோம். உள்ளே என்ன சேனல் போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தினமும் நூறு தடவை திறந்து மூடப் போவது நாம்தானே? இனியாவது நாம் கேட்போம். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், மொத்தமாக மாற்று என்பவரை நம்பும் முன், ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமையலறையில் சத்தம் கேட்டால், அவள் மனசைச் சந்தேகப்படும் முன் டிராயரை ஒருமுறை இழுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருச்சி.