இலைதானே, என்ன பண்ணிடும்?

தை மாசம் 5ஆம் தேதி எங்க மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக்கு வருவார். அன்னைக்கு ஊரே ஆத்து மணல்லதான் கிடக்கும். சென்னை, பெங்களூருன்னு பிழைக்கப் போன சொந்தக்காரங்க எல்லாரும் வந்துடுவாங்க. சாமி பார்த்து முடிச்சு, கிளம்பற நேரத்துக்கு என் வீட்டு வாசல்ல நாலஞ்சு பேர் நிப்பாங்க, கையில துணிப்பையோட.

"மாமா, வேலியில சக்கரைக்கொல்லி இருக்குமே, கொஞ்சம் பறிச்சுக் குடுங்க."

"அண்ணே, கிட்னி கல்லுக்கு ரணகள்ளி கிடைக்குமா?"

"பெரியப்பா, வீடியோவுல நித்யகல்யாணிப் பூவைக் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்றாங்க. உங்க வீட்டுல பூத்துக் கிடக்குதே."

முன்னெல்லாம் சந்தோஷமா பறிச்சுக் கொடுப்பேன். விவசாயிகிட்ட வேற என்ன இருக்கு கொடுக்க? இப்ப கொடுக்கறதில்ல. "பெருசுக்குக் கிராக்கி ஏறிடுச்சு"ன்னு பேசிக்கறாங்களாம். பேசட்டும். ஏன் கொடுக்கறதில்லன்னு இன்னைக்கு எழுதிடறேன்.

நாலு வருஷம் முன்ன என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வந்தான். சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடறவன். சக்கரைக்கொல்லின்னு சொல்ற சிறுகுறிஞ்சான் இலையை நிழல்ல காய வெச்சு, இடிச்சு, ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன். அந்த இலையை ஒண்ணு மென்னுட்டு வெல்லத்தை வாயில போட்டுப் பாருங்க, மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும். அவ்வளவு வேகம் அதுக்கு. தம்பி காலையில மாத்திரையும் போட்டு, பொடியும் தின்னிருக்கான். ராத்திரியும் அப்படியே. பத்தாவது நாள் பஸ் ஸ்டாப்புல வேர்த்துக் கொட்டி விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில பார்த்தா சர்க்கரை 48.

டாக்டர், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டிருக்கார். இவன் "ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லியிருக்கான். பொய் இல்ல. அவனைப் பொறுத்தவரைக்கும் அது மருந்தே இல்ல, இலை. இலைதானே, என்ன பண்ணிடும்?

பிழைச்சுக்கிட்டான். போன்ல என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு நீங்க கேக்கவே இல்லையேண்ணே." இன்னமும் அது என் காதுல இருக்கு.

"இயற்கைதான், பக்க விளைவே கிடையாது" என்ற பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். இந்தப் பேச்சு கிராமத்துலேர்ந்து வந்ததில்ல. மாடு மேய்ச்ச எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

2017 கோடையில எனக்கு ஒரு கறவை மாடு போச்சு. முந்தின வருஷம் மழை பொய்ச்சு, சோளத்தட்டை அறுத்த கட்டையெல்லாம் காஞ்சு கிடந்தது. திடீர்னு ஒரு மழை. கட்டையெல்லாம் பச்சைப் பசேல்னு துளிர் விட்டுச்சு. கயிறு அறுந்து மாடு அதுல மேஞ்சிடுச்சு. வாயில நுரை தள்ளி, மூச்சு வாங்கி, நான் ஓடிப் போறதுக்குள்ள விழுந்துடுச்சு. இளஞ்சோளத்துல, வாடித் துளிர்த்த சோளத்துல சயனைடு நஞ்சு ஏறும். அதே சோளம் முத்தி, கதிர் வாங்கி, காஞ்ச பிறகு அருமையான தீவனம். செடி ஒண்ணுதான். எந்த வயசுல, எந்த நிலைமையிலன்னு பார்க்கணும்.

சின்னசேலம் பக்கம் போனா மரவள்ளி வயல் வயலா நிக்கும், ஜவ்வரிசி மில்லுக்குப் போற கிழங்கு. அதுலயும் அதே சயனைடு சமாச்சாரம்தான். கசக்கிற ரகத்துல அதிகம், இலையிலயும் தோல்லயும் இருக்கு. எங்கம்மா கிழங்கு வேக வெச்சா தோலை முழுசா உரிச்சுடுவாங்க, சட்டியை மூட மாட்டாங்க, வெந்த தண்ணியைக் கீழ கொட்டிடுவாங்க. காரணம் கேட்டா "அப்படித்தான்டா"ன்னு சொல்வாங்க. அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. பக்குவம் தெரியும்.

இன்னொரு விஷயம் கவனிச்சுப் பாருங்க. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கறீங்க. அவர் கண்ணு என்ன? குன்றிமணி. கழுத்துல எருக்கம்பூ மாலை. பூஜைக்கு அரளி, ஊமத்தையும் வரும். நாலும் விஷம். குன்றிமணியைக் கடிச்சு மென்னு தின்னா உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணுல பட்டா பார்வை மங்கிப் போகும். சாமிக்குப் போடறதெல்லாம் வாயில போடறதுக்கு இல்லன்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அரளியை வேலியில வைப்போம், ஏன்னா ஆடு மாடு கடிக்காது. நீங்க சென்னையிலேர்ந்து திருச்சிக்குக் கார்ல போகும்போது ரோட்டு நடுவுல பூத்து நிக்குதே, அங்க வெச்சதுக்கும் அது ஒரு காரணம். மாடே ஒதுங்கிப் போற செடி அது.

2024ல கேரளாவுல ஒரு இளம் நர்ஸ் இறந்து போனாங்க. போன் பேசிக்கிட்டே அரளி இலையைக் கிள்ளி வாயில போட்டதுதான் காரணமா இருக்குமோன்னு சந்தேகம் கிளம்பிச்சு. அந்த மே மாசமே திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப் பூ வேண்டாம்னு நிறுத்திடுச்சு. இத்தனை வருஷம் கோயில்ல இருந்த பூதான். யாராவது ஒருத்தர் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.

ஊமத்தைக்கு வருவோம். 2020 ஏப்ரல்ல, கொரோனா ஊரடங்குல, நமக்குப் பக்கத்து ஆந்திராவுல சித்தூர் மாவட்டத்துல ரெண்டு குடும்பத்து ஆளுங்க ஒரு டிக்டாக் வீடியோவைப் பார்த்துட்டு ஊமத்தை விதையை அரைச்சுக் குடிச்சாங்க. ஊமத்தங்காய் முள்ளு முள்ளா கொரோனா கிருமி மாதிரியே இருக்குதாம், அதனால அது கொரோனாவுக்கு மருந்தாம். பிள்ளைங்க உட்படப் பத்துப் பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அந்த வீடியோ போட்டவனுக்கு ஊமத்தை தெரியும்னு நினைக்கிறீங்களா? செல்போன் தெரியும், அவ்வளவுதான்.

"அப்ப சித்த வைத்தியமே பொய்யா?"ன்னு கேப்பீங்க. இல்ல. சித்த வைத்தியம்தான் இதுல உங்களைவிட ஜாக்கிரதையா இருக்கு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாம எந்த வைத்தியரும் மருந்துக்கு எடுக்க மாட்டார். அந்தக் கொட்டையோட பால் பட்டா உடம்பு கொப்பளிச்சுப் போகும். மத்திய அரசோட மருந்துச் சட்ட விதிகள்ல ஈ(1)ன்னு ஒரு அட்டவணை இருக்கு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள்ல சேர்க்கிற நச்சுப் பொருட்களோட பட்டியல் அது. சேராங்கொட்டை, குன்றிமணி, எட்டி, நேர்வாளம், கலப்பைக்கிழங்கு எல்லாம் அதுல இருக்கு. இதெல்லாம் சேர்ந்த மருந்தை வைத்தியர் மேற்பார்வையிலதான் சாப்பிடணும்னு டப்பா மேல எச்சரிக்கை போடணும். கலப்பைக்கிழங்கு எதுன்னு தெரியுதா? நம்ம மாநிலப் பூ செங்காந்தளோட கிழங்குதான். அதுல இருக்கிற கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. கிழங்குன்னு நினைச்சு வேக வெச்சுத் தின்னா எமன்.

நித்யகல்யாணியும் அப்படித்தான். அதுலேர்ந்து பிரிச்செடுத்த மருந்தை ரத்தப் புற்றுநோய்க்காரங்களுக்கு டாக்டருங்க மில்லிகிராம் கணக்குல அளந்து ஊசி போடறாங்க, ரத்தத்தைச் சோதிச்சுக்கிட்டே. நீங்க அதை டீ மாதிரி கொதிக்க வெச்சுக் குடிக்கப் போறீங்க, கைப்பிடி கணக்குல.

அடுத்த கேள்வியும் தெரியும். "இங்கிலீஷ் மருந்துல மட்டும் பக்க விளைவு இல்லையா?" இருக்கு. அதை ஒரு துண்டுச்சீட்டுல பொடி எழுத்துல அச்சடிச்சு உள்ளேயே வெச்சிருக்கான். படிச்சுட்டுப் பயப்படறீங்க, நல்லது. இலைக்குச் சீட்டு கிடையாது. எங்க ஊர்ல அந்தச் சீட்டு ஒரு கிழவியா இருந்துச்சு. "மாசமா இருக்கியா? அப்ப கத்தாழை தொடாத." "வெறும் வயித்துல வேணாம்." "மூணு நாள் போதும், நிறுத்து." "இது அது இல்ல, இலையைத் திருப்பிப் பாரு." பாதி மருந்து இலையில இருந்துச்சுன்னா மீதிப் பாதி அந்தக் கிழவி வாயில இருந்துச்சு. நீங்க கிழவியை ஊர்லயே விட்டுட்டு, இலையை மட்டும் பையில போட்டுக்கிட்டுப் போறீங்க.

எங்க ஊரும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, அதையும் சொல்லிடறேன். பாம்பு கடிச்சா சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்றது இங்க பழக்கம். கசக்கலைன்னா விஷம் ஏறிடுச்சுன்னு அர்த்தமாம். எங்க பக்கத்துல ஒரு பையன் இப்படியே கசக்குதா இல்லையான்னு ரெண்டு மணி நேரம் மென்னுக்கிட்டிருந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்ல. அந்த இலையில விஷம் இல்ல. அந்த ரெண்டு மணி நேரம்தான் விஷம். பாம்பு பிடிக்கிறதுல மன்னருங்க இருளர்கள். அவங்க 1978லயே கூட்டுறவுச் சங்கம் வெச்சு, வடநெம்மேலியில பாம்பு விஷம் எடுத்து, கடி மருந்து தயாரிக்கக் கொடுக்கறாங்க. நாம இலையை மென்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். பாம்பு கடிச்சா 108, அரசு ஆஸ்பத்திரி. வேற பேச்சே வேணாம்.

கல்வராயன் மலைப்பக்கம் ஒரு மரம் இருக்கு. எங்க மாவட்டத்துலயும் விழுப்புரம், கடலூர்ப் பக்கமும் அது எத்தனையோ வீட்டை அழிச்சிருக்கு. புதுச்சேரி ஜிப்மர் டாக்டருங்க பல வருஷமா அதோட போராடறாங்க. பேரு எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். எங்க பெரியவங்களும் வீட்டுக்குள்ள அந்தப் பேரை எடுக்க மாட்டாங்க. பத்தாயிரம் பேர் பார்க்கணும்னு எல்லாத்தையும் கொட்டற வீடியோக்காரங்க இந்த ஒரு பழக்கத்தையாவது எங்ககிட்ட கத்துக்கலாம்.

அப்ப எதுவுமே சாப்பிடக் கூடாதான்னா, நல்லாச் சாப்பிடுங்க. முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, தூதுவளை ரசம்னு நம்ம சமையல்லயே வழிவழியா வந்தது நிறைய இருக்கு. சோத்தோட வர்ற அளவுல வந்தா போதும். மருந்துன்னு நினைச்சு ஒண்ணை எடுக்கறதா இருந்தா, படிச்ச சித்த மருத்துவரைப் பாருங்க. அரசு ஆஸ்பத்திரிகள்லயே சித்தா பிரிவு இருக்கு, காசு கிடையாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு டாக்டர்கிட்டயும் ரெண்டையும் சொல்லணும். "ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லாதீங்க.

வர்ற தை 5க்கு வாங்க. பையையும் கொண்டு வாங்க, முருங்கைக்கீரை ஒரு கட்டு போட்டுக் கொடுக்கறேன். வேலியையும் சுத்திக் காட்டறேன், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு. சிறுகுறிஞ்சான் வேணும்னா, முதல்ல உங்க மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க. அதைப் பார்த்துட்டும் நான் கொடுக்க மாட்டேன், வைத்தியர்கிட்டதான் அனுப்புவேன். கோவிச்சுக்காதீங்க.