தாயைப் பழிக்கலாமா?



குழந்தை பிறந்தால் சர்க்கரை வழங்கி மகிழ்கிறோம். அதே குழந்தை மேல்வாய்ப் பிளவுடன் பிறந்துவிட்டாலோ, "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று தாயைக் கேட்கிறோம். இது நியாயமா?

கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் மேல்வாயின் இரு பக்கங்களும் ஒன்றுசேர வேண்டும். சேராமல் நின்றுவிடுவதே பிளவு. கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுள் ஒன்று உதட்டிலோ மேல்வாயிலோ பிளவுடன் பிறக்கிறது.

மேல்வாய் பிளந்திருந்தால் குழந்தையால் பாலை உறிஞ்ச இயலாது. பால் மூக்கில் ஏறும். ஆகவே குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலை நம் பாட்டிமார் அறிந்த பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். இரவு பகலாக இப்படிக் கண்விழிக்கும் தாய்க்குத் தேவை அறிவுரை அன்று. ஒரு குடம் தண்ணீரும் ஒரு வேளைச் சோறுமே.

ஏறக்குறைய ஒரு வயதில் அறுவைச் சிகிச்சை செய்யலாம். தேவையானால் பின்னர் பேச்சுப் பயிற்சியும் உண்டு. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் இப்பிளவுக்கு இலவசச் சிகிச்சை உண்டு. ஆனால் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் தந்தை, ஒவ்வொரு முறையும் சென்னைக்கு உடன் செல்ல முடியுமா? மீஞ்சூரில் ரயிலேறும் அத்தாய்க்குத் துணையாக நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் செல்லலாம். மூத்த பிள்ளையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை அக்குழந்தை நம் பள்ளிக்கே தங்கையாக வரக்கூடும். அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத வகுப்பாக நம் வகுப்பு இருக்கட்டும்!